அஞ்சலையின் இரண்டு படங்கள்

வானகரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷைலா இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். இரண்டும் அஞ்சலையின் இதயம்தான். முதலாவது பழைய கேமராவில் எடுத்தது. ஊசியில் மருந்தேற்றி, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கவைத்து, கேமரா அவளைச் சுற்றி ஆடி அசைந்து நகர்ந்து எடுத்த படம். அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை. அதனால் புதிதாக வந்திருந்த 'பெட்' (PET) ஸ்கேன் கேமராவில் மறுபடி எடுக்கச் சொன்னார் டாக்டர். அது சட்டென்று முடிந்தது. கோளாறு அதில்தான் தெரிந்தது.

"மூணு ரத்தக்குழாயிலயும் அடைப்பு இருக்கும் போலருக்கு ஐயா. ஆஞ்சியோ பண்ணிரலாம். பைபாஸ் தேவைப்படலாம்."

அஞ்சலையின் புருஷன் வேம்புலி உதட்டைப் பிதுக்கினார். "அவ்ளோ நேரம் படுக்கப் போட்டு எடுத்தது நல்லாகீதுன்னுது. இது கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எடுத்துட்டு கெட்டுப்போச்சுன்னுது. எதம்மா நம்பறது?"

அவர் ஆவடி ஃபேக்டரியில் இரும்பு வார்ப்புகளைக் கதிர்வீச்சால் படமெடுக்கும் பிரிவில் எடுபிடியாக இருந்து ஓய்வு பெற்றவர். கனத்த வார்ப்பு என்றால் ஃபிலிமைக் கதிருக்கு நெடுநேரம் காட்டவேண்டும். அவசரப்பட்டால் விரிசல் தெரியாது. படிப்பு ஏறாத மண்டையில் அது ஒன்று மட்டும் ஆணியடித்த மாதிரி நின்றிருந்தது.

டாக்டர் ஏதோ விளக்க ஆரம்பித்தார். வேம்புலி எழுந்துவிட்டார். "புது மெஷின் வாங்கிட்டா ஆள் புடிக்கத்தானே செய்வீங்க."

வெளியே வந்ததும் அஞ்சலை கேட்டாள். "இப்போ இன்னாய்யா பண்றது?"

"நல்ல படம்தான் கீதே. வா ஊட்டுக்கு."

யாரையும் நம்பாத அந்த மனுஷனை அவள் நம்பினாள்.

ஆடி பிறந்தபோது, கரையான்சாவடிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். அதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள்.

ஷைலா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பெரிய அட்டாக் ஐயா. இனிமே ஆபரேஷனத் தாங்கற பலம் இதயத்துக்கு இல்ல."

"அன்னிக்கு இன்னாவோ சொல்ல வந்தியேம்மா. இப்போ சொல்லு."

"பழைய கேமரா ஒரு பக்கத்த இன்னொரு பக்கத்தோட ஒப்பிட்டுத்தான் காட்டும். அம்மாவுக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ரத்தம் கொறைஞ்சிருந்துச்சு. ஒப்பிட நல்ல பக்கமே இல்ல. அதனால எல்லாம் சரின்னு காட்டிருச்சு. பெட் அப்படியில்ல, எவ்ளோ ரத்தம் ஓடுதுன்னு அளந்து சொல்லும்."

வேம்புலிக்குப் புரிந்தது. வார்ப்பு முழுக்க ஒரே சீராக மெலிந்திருந்தால் ஃபிலிமில் தனியாக ஒரு கறுப்புத் திட்டும் விழாது. கனத்தை அளந்தால்தான் தெரியும். அவருக்குத் தெரியாததா அது? உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

உள்ளே அஞ்சலை விழித்திருந்தாள். "டாக்டரம்மா இன்னாய்யா சொல்லுது?"

மூஞ்சிக்கு நேரே பேசிப் பேசியே தெருவெல்லாம் பகை சேர்த்தவர், சுவரைப் பார்த்தார். "ஒண்ணுமில்லமே. மாத்திரையிலயே சரியாப்பூடுமாம்."

அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனுக்குப் பொய் வராதுய்யா. வுடு."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இங்க ரொம்பக் குளுருது," என்றாள் அஞ்சலை. "என்ன ஊட்டுக்கு இட்டுகினு போய்டு."

போர்வையை இழுத்து அவள் காலை மூடிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று டாக்டரைக் கேட்க வெளியே போனார்.