கொட்டகை மூலையில் அடிக்கும் காற்று

எங்கள் விமானத் திடலில் ஓடுபாதைக்கு இடப்பக்கம் போன வருடம் புதுக் கொட்டகை ஒன்று எழும்பியது. குட்டி விமானங்கள் நான்கு நிற்கிற நீளம். அதற்கப்புறம் காற்றின் குணமே மாறிப்போனது. அதை முதலில் கண்டுகொண்டவன் நான்தான். ஓடுபாதை ஓரத்துப் புல்லை வெட்டுகிறவன் நான். குறுக்கே காற்றடிக்கும் நாளில் கொட்டகை மறைவில் வண்டியை ஓட்டினால் வெட்டின புல் அங்கேயே விழும். மூலையைத் தாண்டினேனோ இல்லையோ, தொப்பி பறந்துவிடும். காற்றைக் காட்டும் துணிப்பை மறுகோடியில் தொங்குகிறது. அதற்கு இந்தச் சங்கதி தெரியாது.

என் மனைவியின் தம்பி இங்கே விமானம் ஓட்டுகிறவன். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். டீ குடிக்கும் இடத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு அவனிடம் சொன்னேன்.

"மாப்ளே, இறங்கி ஓடுறப்ப கொட்டகை மறைவுல காத்து நின்ன மாதிரி இருக்கும். நம்பி கைய விட்றாத. மூலையில ஆளையே தூக்குது."

"பாத்தீங்களா, மாமா எனக்கே பாடம் எடுக்குறாரு! ஏன் மாமா, உங்க வண்டி என்னைக்காவது தரையை விட்டு ஒரு முழம் எழும்பியிருக்கா?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பில் புரையேறியது. நானும் சிரித்து வைத்தேன். மிச்ச டீயைப் புல்லில் கொட்டிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மத்தியானம் காற்று கிளம்பியது. பக்கத்து ஊரில் ஒருவரை இறக்கிவிட்டு அவன் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். என் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் அவன் குரல் கேட்டது.

"புல்லு வெட்டுறவங்க ஒதுங்கிக்குங்க. ஒரு சுத்து சுத்திட்டு இறங்குறேன்."

மாமா என்றுகூட இல்லை. பொத்தானை அழுத்தினேன். மூலையில் பலமாக அடிக்கிறது என்று சொன்னால் மெக்கானிக்கும் கேட்பார், ஆபீசும் கேட்கும். மறுபடியும் சிரிப்பார்கள்.

"ஒதுங்கியாச்சு," என்று மட்டும் சொன்னேன்.

அழகாகத்தான் இறங்கினான். காற்று வருகிற இடப்பக்கம் இறக்கையைச் சாய்த்து, மூக்கை ஓடுபாதைக்கு நேராகப் பிடித்து, முதலில் இடது சக்கரத்தை வைத்தான், அப்புறம் வலது. கொட்டகை மறைவுக்குள் வந்ததும் சாய்த்துப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்திவிட்டான். இறங்கியாயிற்று என்று நினைத்திருப்பான். மூலை வந்தது. இடது இறக்கையைக் காற்று அள்ளித் தூக்கியது. வலது இறக்கை தரையில் இழுபட்டு ஒடிந்தது. விமானம் சுழன்று போய்ச் சாய்ந்தது.

அவனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. நடக்க வைத்துவிடலாம், விமானம் ஓட்டுவது இனி நடக்காது என்று டாக்டர் கையை விரித்தார்.

கட்டிலில் கிடந்தபடி அவன் தன் அக்காவிடம் சொன்னான்: "மாமா முந்தின நாளே சொன்னாருக்கா. நான்தான் கிண்டல் பண்ணேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "இறங்குறப்ப இன்னொரு வாட்டி சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

"சொல்ல எங்கக்கா நேரம்?" என்றான் அவன். "அவரு வண்டியை ஒதுக்க வேணாமா?"

வண்டியை ஒதுக்கிய பிறகு, அவன் திடலை ஒரு முழுச் சுற்று சுற்றி வருகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் பொத்தான் மேலேயேதான் இருந்தது.

"ஆமா," என்றேன். "நேரமே இல்ல."

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.