அத்தையின் எடை

விமானத்தில் ஏறுகிறவரிடம் எடை கேட்டாக வேண்டும். மாமியாரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என்னுடையது இருவர் அமரும் குட்டி விமானம். ஆள் கனம் கூடினால் பெட்ரோலைக் குறைத்தாக வேண்டும். அத்தை கோட்டும் சால்வையுமாக வந்து நின்றார். கண்ணாலேயே தொண்ணூறு கிலோ போட்டு, அதற்கேற்ப டேங்கைக் குறைவாக நிரப்பினேன். கணக்கில் புலி அல்லவா!

"எங்கம்மாவைப் பத்திரமா தங்கச்சி வீட்டுல விடுங்க. உங்க வீரத்தை எல்லாம் தனியா போறப்ப வச்சுக்கங்க," என்றாள் மனைவி.

பாதி வழியில் எதிர்காற்று. கீழே சாலையில் ஒரு லாரி எங்களுக்குச் சமமாக வந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு சிறு விமானத்தளம் இருந்தது. இறங்கி பெட்ரோல் போட்டிருக்கலாம். ஆனால் "எங்கேயும் நிக்காம நேரா போயிடலாம் அத்தை" என்று கிளம்பும்போதே மார்தட்டியிருந்தேன். தட்டிய மார்பு இறங்க விடவில்லை. மீட்டர் முள் ஆடியது. கால் டேங்க் என்று காட்டும்போது நம்பினேன். காலி என்று காட்டும்போது மீட்டர் சரியில்லை என்றேன்.

ஊர் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"அப்பாடா, இப்பதான் காது குளிருது," என்றார் அத்தை.

அறுவடை முடிந்த ஒரு வயல் தெரிந்தது. அதில் இறக்கினேன்; இறக்கினேன் என்பதைவிட விழாமல் விழுந்தேன் என்பதே சரி. வேலிக்கு முன்னால் விமானம் நின்றது.

அத்தை இறங்கி, வேர்க்கிறது என்று கோட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு ஸ்வெட்டர். அதற்குள் இன்னொன்று. அதற்குள்ளும் ஒன்று.

"மேல குளிரும்னு உங்க வீட்டுக்காரிதான் மாட்டிவிட்டா."

கடைசியில் வெளியே வந்தது ஒல்லியான ஒரு பெண்மணி.

"அத்தை, நீங்க எத்தனை கிலோ?"

"அம்பத்தி நாலு. ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மாப்பிள்ளை?"

அவருடைய போன் அடித்தது. மனைவிதான்.

"இறங்கிட்டோம்மா, நல்லாத்தான் இருக்கேன். மாப்பிள்ளை உங்கிட்ட ஏதோ சொல்லணுமாம்," என்று போனை என்னிடம் நீட்டினார் அத்தை.

அப்போதுதான் பார்த்தேன், அவருடைய இன்னொரு கை விழாமலிருக்க விமானத்தின் இறக்கையை இறுகப் பிடித்திருந்தது.