பிஸ்கட் மூணு, ஆள் ஆறு

லோடு ஏறாமல் கமிஷன் கொடுத்த வழக்கம் லாரிக்காரருக்கு ஆயுசில் கிடையாது. சரக்கு ஏறி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு இறுக்கின பிறகுதான் புரோக்கர் கையில் காசு. அப்படியிருந்தும் ஏமாந்திருக்கிறார். இங்கே என்னடா என்றால், மருமகள் வேலை கிடைக்கும் முன்னாலேயே ஏஜென்சிக்குப் பணத்தைக் கட்டிவிட்டு நிற்கிறாள். படித்தவள். அதிலும் கணக்கு டீச்சர்.

"நிச்சயமா வேலை வாங்கித் தரேன்னு அந்தம்மா சொல்லவே இல்லை மாமா. முயற்சி பண்றோம்னுதான் சொன்னாங்க."

"நிச்சயம்னு சொல்லிக் காசு வாங்கினா திருடன். நிச்சயமில்லைன்னு சொல்லிட்டே வாங்குறவ அவனுக்கும் மேல."

அதற்கு மேல் திட்டவும் அவருக்கு வாய் வரவில்லை. மகன் கடல் தாண்டி ஓர் ஊரில் கிடங்கு வேலை பார்க்கிறான். அவன் வாங்குகிற சம்பளத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிப்போக விசா கிடைக்காது. கல்யாணமாகி இரண்டு பேரும் சேர்ந்திருந்த நாளைவிட போனில் சண்டை போட்ட நாள்தான் அதிகம். அந்த ஊர் சர்வதேசப் பள்ளி ஒன்றில் இவளுக்கு வேலை அமைந்தால் பள்ளிக்கூடமே வீடும் விசாவும் தரும். ஒரு கூரையின் கீழ் இருந்து நேருக்கு நேர் சண்டை போடலாம். அவளாக எத்தனையோ பள்ளிக்கு எழுதிப் பார்த்தாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் இந்த ஏஜென்சி.

ஏஜென்சி ஏற்பாடு செய்த இரண்டு பேட்டியும் கைநழுவிப் போயின. வேறு ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். "அவர் இல்லாத ஊர்ல எனக்கு என்னங்க வேலை?" என்று சொல்லிவிட்டாள். இன்றைக்கு மூன்றாவது பேட்டி. மகன் இருக்கும் ஊரில் இந்த வருஷம் காலியாக இருக்கும் கடைசி இடம் இதுதான்.

துணைக்கு வருகிறேன் என்று சொல்லித்தான் லாரிக்காரர் கிளம்பினார். மனசில் இருந்தது வேறு. பேட்டி முடிந்ததும் மேஜைமேல் கையை ஊன்றிப் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட வேண்டும்.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். சுவரில் உலகப் படம், அதில் ஊருக்கு ஊர் சிவப்புக் குண்டூசி. "குத்துறதுக்கென்ன, நானும்தான் குத்துவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஏஜென்சிக்காரி உள்ளறையிலிருந்து வேகமாக வெளியே வந்தாள். மூக்குக்கண்ணாடி தலைமேல் ஏறியிருந்தது. பேட்டியில் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். மாணவியாக உட்கார வர வேண்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சலாம்.

"போன ரெண்டு தடவையும் சுவத்தைப் பாத்துப் பாடம் நடத்தித்தான் கோட்டை விட்டோம். இந்தத் தடவை ஆள் இல்லாம விட மாட்டேன்" என்றவளின் கண் லாரிக்காரர் மேல் விழுந்தது. "ஐயா, எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"மூணாவது. அதுவும் பாதியில."

"இங்கிலீஷ் வருமா?"

"ஸ்டாப், ரிவர்ஸ், ஒன் டூ த்ரீ."

"அது போதும், வாங்க."

"நான் வந்த விஷயமே வேறம்மா."

"அதை அப்புறம் பேசிக்கலாம். பிரின்சிபால் காத்திருக்கார்."

கம்ப்யூட்டர் திரையில் நரைத்த தலையோடு ஒருவர் இருந்தார். இவரைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார். ஏஜென்சிக்காரி அதைத் தமிழில் சொன்னாள். "அவங்க பள்ளிக்கு வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாதாம். நீங்கதான் சரியான பையனாம். டீச்சர் உங்ககிட்ட நம்ம மொழியில ஒரு வார்த்தை பேசக் கூடாதுங்கறார்."

மருமகள் மார்க்கரை எடுத்தாள். பலகையில் மூன்று போட்டு, வகுத்தல் குறி போட்டு, அரை என்று எழுதினாள். வகுத்தால் குறையும் என்பது மட்டும் லாரிக்காரருக்கு ஞாபகம் இருந்தது. "ஒண்ணரை" என்றார். அவள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தாள். டீத்தட்டிலிருந்து மூன்று பிஸ்கட்டை எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டாக ஒடித்து எண்ணி, பலகையில் ஆறு என்று எழுதினாள். "சிக்ஸ்."

அவருக்குச் சுருக்கென்றது. "மூணை ஒடச்சிட்டு ஆறுங்கிறியே? மூணை ஆறாக்கித் தரேன்னு சொன்னவன்தான் என் சீட்டுக்காசை அமுக்கிட்டு ஓடினான்!"

கேமராவுக்குத் தெரியாத மூலையில் நின்றுகொண்டு ஏஜென்சிக்காரி தவித்தாள். "தலையாட்டுங்க ஐயா, சும்மா ஆட்டுங்க."

"புரியாம எப்படி ஆட்டுறது?"

சொன்ன பிறகுதான் மருமகளின் நெற்றி வியர்த்திருப்பதைக் கவனித்தார். திரையில் இருந்தவர் சிரிப்பை விட்டுவிட்டு முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கெடுத்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. ஒரே ஒரு தலையாட்டல்தான். பாழாய்ப்போன கழுத்து அசைய மாட்டேன் என்றது.

மருமகள் பலகையில் இருந்த ஆறை அழித்தாள். பாதிகளை ஒட்டவைத்து மறுபடி மூன்றாக்கினாள். ஒரு பாதியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ஒன்." ஏஜென்சிக்காரி கையில் ஒன்று. "டூ." தன் வாயில் ஒன்று. "த்ரீ." கேமராவுக்கு நேரே ஒன்றை நீட்டினாள்; பிரின்சிபால் வாயைத் திறந்து காட்டினார். "ஃபோர்." வாசலில் எட்டிப்பார்த்த ஆபீஸ் கணக்குப்பிள்ளை அம்மாளுக்கு ஒன்று. "ஃபைவ்." மிச்சம் ஒரு பாதி. யாருக்கு என்று இரண்டு கையையும் விரித்து அவரைப் பார்த்தாள்.

"என் பையனுக்கு" என்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சிக்ஸ்" என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு நின்றார்.

"அட! பிஸ்கட் மூணுதான், ஆளுதான் ஆறு. ஆளுக்குப் பாதி கொடுத்தா எத்தனை பேருக்கு வரும்னு கேக்குறே. அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஏஜென்சிக்காரி இதை இங்கிலீஷில் சொன்னதும் பிரின்சிபால் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் லாரிக்காரரை வெளியே அனுப்பிவிட்டு மருமகளிடம் நெடுநேரம் கேள்வி கேட்டார்கள்.

பஸ்ஸுக்காக ரோட்டின் எதிர்ப்பக்கம் வந்து நின்றபோது அவர் மெதுவாகக் கேட்டார். "நான் தலையாட்டியிருக்கணும், இல்ல?"

"பொய்யாத் தலையாட்டுற பிள்ளைங்களத்தான் தினம் பாக்குறேனே மாமா. அந்த மனுஷனும் பாத்திருப்பார். ஆட்டாததே நல்லது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மாடிக் கைப்பிடியில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏஜென்சிக்காரி கத்தினாள். "டீச்சர்! எடுத்துக்கிட்டாங்க! இப்பத்தான் சொன்னாங்க!"

மருந்துக்கடையில் நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். மருமகள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பாரம் இறக்கின வண்டி மாதிரி லாரிக்காரருக்கு உடம்பு லேசாகி ஆடியது.

ஏஜென்சிக்காரி மூச்சிரைக்க இறங்கி வந்தாள். அவருக்கு விட மனசில்லை. "இதுல நீ என்னம்மா பண்ணினே? வேலைய வாங்கினது என் மருமக."

"ஆமாங்க. அந்த ஆள் முன்னாடி உக்கார வச்சது நான். அதுக்கு மேல என் கையில இல்லைன்னு முதல் நாளே சொன்னேனே."

"சரி சரி. விசா கைக்கு வரட்டும், அப்புறம் நம்புறேன்" என்று முடித்துக்கொண்டார்.

அவள் மாடியேறிப் போனதும் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "பணத்தைத் திருப்பிக் கேக்கலையா மாமா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"வர்ற வழியெல்லாம் வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தீங்களே."

அவர் பேச்சை மாற்றச் சட்டைப்பையில் கைவிட்டு அந்தப் பாதி பிஸ்கட்டை எடுத்தார். "இந்தா, அவன் பங்கு. காலையிலேருந்து பட்டினி, தின்னு."

அவள் அதை இரண்டாக ஒடித்து ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள். "பாதியைப் பாதியாக்கினா எவ்வளவு, சொல்லுங்க?"

"பஸ் வருது," என்றார் லாரிக்காரர் மென்றுகொண்டே. "பேசாம ஏறு."