பின்பக்க இடது பெட்டி

களுதாவளையில் அன்னப்பூரணியின் வீட்டுக்குள் புகுந்த சுனாமி, ஹோம் தியேட்டரின் ஆறு ஸ்பீக்கர் பெட்டிகளில் ஐந்தைக் கொண்டுபோய், பின்பக்க இடது பெட்டியை மட்டும் அதன் ஆணியில் விட்டுவைத்தது. வயர் அறுந்து, ஊரிலேயே கரண்ட் இல்லாத மறுநாள் காலையில் அந்தப் பெட்டி தானாக ஒலிக்கத் தொடங்கியது. முதல் ஒன்றரை வருடம் அதில் கடல் கேட்டது. அந்த வருடம் கூரைத் தகரத்தின் விலை ஏறியது, மீனை யாரும் தொடாததால் மீன் விலை விழுந்தது, அன்னப்பூரணி வீட்டுப் பெட்டியில் கடல் இரைந்தது. தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த வெள்ளைக்காரி ஒருத்தி பெட்டியில் காதை வைத்துக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, ஒரு தண்ணீர்த் தாங்கியைக் கொடுத்துவிட்டுப் போனாள். தாங்கி இன்னும் இருக்கிறது.

வீடு அன்னப்பூரணியின் சீதனம். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து ஏறுவான், மகள் வளர்ந்து கல்யாணம் கட்டும்போது வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கிழடுகள் பின்வளவில் ஒரு அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கும். அன்னப்பூரணியின் புருசன் அழகரத்தினம் இருபத்தைந்து வருடம் அங்கே சோறு தின்றும், தான் விருந்துக்கு வந்தவன் என்ற நினைப்பை விடவில்லை. விருந்துக்கு வந்தவனுக்கு எல்லாவற்றின்மேலும் ஒரு கண் இருக்கும். வெற்றிலைத் தோட்டக்காரரான அவர், தானே எண்ணிக் கட்டிய வெற்றிலையைத் தானே பிரித்து மறுபடி எண்ணுவார். பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயின் மற்றப் பாதி எங்கே என்று ஐயரிடம் கேட்டவர். மகன் நிதுர்ஷன் நச்சரித்து அந்த ஹோம் தியேட்டரை வாங்கி வந்து, கதிரைமேல் ஏறிப் பெட்டிகளை மாட்டிப் படத்தைப் போட்டபோது, பின்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அழகரத்தினம் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகும் மோட்டார் சைக்கிள் வந்த ஒவ்வொரு படத்துக்கும் போய்ப் பார்த்தார். அந்த நாட்களில் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

2006 ஆவணியில், பதினேழு வயது நிதுர்ஷன் டியூசனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் சந்தியில் பூட்டியபடி நின்றது. யார் கொண்டுபோனார்கள் என்பதற்கு ஊரில் மூன்று கதைகள் இருந்தன. மூன்றையும் சொன்னவர்கள் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள். தகப்பனும் தாயும் ஏறாத படி இல்லை, பதில் சொன்ன வாயும் இல்லை. அவன் காணாமல்போன மறுநாளே பெட்டியில் கடல் நின்று, இருமல் கேட்டது. நிதுர்ஷனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. இரண்டு குட்டை இருமல், ஒரு நீட்டு இருமல், கடைசியில் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இருமிவிட்டோமே என்று கூசுவதுபோல ஒரு கனைப்பு. அந்தக் கனைப்பைக் கேட்டதும் தாய் அடுப்படியிலிருந்து கையில் மாவோடு ஓடிவந்தாள். தகப்பன் ஓடிவரவில்லை. இது யாருடைய வேலை என்று சுவருக்கு மற்றப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு முருங்கை மரமும் ஒரு கோழியும்தான் நின்றன.

பெட்டியைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோனால் ஊமையாகும், அந்தச் சுவரின் அந்த ஆணியில் மாட்டினால்தான் பேசும். ஆகவே அவர்கள் சுவருக்குக் கீழே பாய் போட்டு மூன்று வருடம் சீவித்தார்கள். இருமலைச் சுற்றி வேறு சத்தங்களும் வந்தன. முதலில் தவளை, பிறகு பனையோலை உரசல், பிறகு கூடாரப் படங்குமேல் மழை. நிறையப் பொடியன்களின் சிரிப்பு, யாரோ ஏசுவது, சேவல் கூவுவது. அன்னப்பூரணி அதைக் கேட்டுத்தான் உலை வைத்தாள். "இண்டைக்குக் கோப்பைச் சத்தம் கேக்கல்ல. புள்ளைக்குச் சோறு இல்லப் போல" என்று சொல்லித் தானும் பட்டினி கிடப்பாள். மகள் ஆர்த்திகா அந்தப் பெட்டியின் கீழே இருந்துதான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தாள். அண்ணன் இருமினால் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே "தண்ணி குடி" என்பாள்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது என்று ரி.வி.யில் சொன்னார்கள். தெருவில் வெடி கொளுத்தினார்கள். அந்தக் கிழமை பெட்டி வாயை மூடிக்கொண்டது. அன்னப்பூரணி கண்ணகி அம்மனுக்கு நேர்ந்து, சடங்கு முழுக்க ஒரு நேரச் சாப்பாட்டோடு கிடந்தாள். கடைசி நாள் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிரப்பண்ணிவிட்டுச் சனம் வீட்டுக்கு வந்தபோது, சுவரில் இருமல் திரும்பிவிட்டிருந்தது. தாய் நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். அழகரத்தினம் கும்பிட்டுக்கொண்டே காதைக் கொடுத்தார். இருமல் அதே இருமல், கனைப்பும் அதே கனைப்பு. ஆனால் அதைச் சுற்றி ஒன்றுமில்லை. காற்று இல்லை, பொடியன்கள் இல்லை, கோழி இல்லை. உலகத்தில் கோழி கூவாத இடம் எது என்று அவர் யோசித்தார். யோசித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் வெற்றிலை இடிக்கும் சின்ன உரலை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குக் கீழேயே இருக்கத் தொடங்கினார். இருமல் வந்தால் டொக்கு டொக்கென்று இடிப்பார். அந்த வெறுமை மனிசியின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. அன்னப்பூரணிக்கு அது வேறுவிதமாகப் பட்டது. மகனின் சத்தம் கேட்டதும் இந்த மனிசன் ஏன் இடிக்கிறான், கேட்கப் பிடிக்கவில்லையா, எதையாவது தெரிந்துகொண்டு மறைக்கிறானா என்று அவளும் சந்தேகப்பட்டாள். இப்படி ஒரு கூரைக்குக் கீழே ஒருவரை ஒருவர் ஓரக் கண்ணால் பார்த்தபடி ஒரு வருடம் போனது.

2010இல் ஆர்த்திகாவுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். வெல்லாவெளியில் வட்டை வயல் உள்ள குடும்பம், பெயர் உதயரூபன், கட்டாரில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். வழக்கப்படி அவன் இந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும். உடுத்த உடுப்போடு வராமல், ஏழு பெட்டியும் ஒரு பாஸ் பெட்டியும் உள்ள புது ஹோம் தியேட்டரை முன்கூட்டியே கொண்டுவந்து இறக்கினான். அழகரத்தினத்துக்கு அன்றே மருமகன்மேல் சந்தேகம் தட்டியது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏழு பெட்டி எதற்கு? இவன் கட்டாரில்தான் இருந்தானா? கட்டாரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லி அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கி, ஒவ்வொரு முத்திரையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருமகன் சிரித்துக்கொண்டு நின்றான். சிரித்ததும் ஒரு குற்றமாகவே பட்டது.

புது செற்றைப் பூட்ட மட்டக்களப்பு டவுனிலிருந்து றிக்கி வந்தான். பழைய செற்றை விற்றதும் அவன்தான். பாட்டுப்பெட்டி திருத்துபவன், போர்த்துக்கேய வழி வந்த பறங்கியன். டச்பார் கடற்கரையில் இருந்த வீட்டையும் மனிசி பட்ரிசியாவையும் கடலுக்குக் கொடுத்தவன், அவனுக்கு ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. பெட்டி இருமியதும் றிக்கி செருப்பைக் கழற்றினான். கதிரையில் ஏறிக் கனநேரம் காதை வைத்திருந்துவிட்டு இறங்கி, "அண்ணே, இது ஒத்தப் பெட்டி. ஆள் இரிக்கார் எண்டு மட்டும்தான் ஒத்தப் பெட்டி செல்லும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் எண்டு செல்ல அதுக்கு ஏலாது. சுத்திவரப் பெட்டி வேணும். இதக் கழட்டத் தேவல்ல, புதுசோட சேத்துப் பூட்டுவன். எந்தப் பக்கத்துப் பெட்டியில கூடக் கேக்குதோ, தம்பி அந்தப் பக்கம்" என்றான்.

அன்னப்பூரணியின் முகம் அப்படியே மாறிவிட்டது. அன்று மாலைக்குள் அவள் திசையெல்லாம் பிரித்து வைத்துவிட்டாள். பின்பக்கம் கேட்டால் வாவிக்கு அங்கால் படுவான்கரை, நடந்தே போகலாம். இடப்பக்கம் என்றால் வாகரையும் தாண்டி வன்னி. வலப்பக்கம் என்றால் பொத்துவில் காடு. முன்பக்கம் கடல்.

பூட்டுவதா வேண்டாமா என்று புரட்டாதி முழுக்கவும் ஐப்பசி முழுக்கவும் அந்த வீட்டில் வழக்கு நடந்தது. ஏழு பெட்டியும் அவிழ்க்காமல் மட்டைப்பெட்டிக்குள் கிடந்தன. அழகரத்தினம் சொல்லாத நொட்டை இல்லை. கரண்ட் இழுக்கும், இடி விழும், றிக்கி பசப்புக்காரன், வயர் வழியாக எலி வரும் என்றார். "அரசன நம்பிப் புருசனக் கைவிட்ட கதையாப் போகும் புள்ள. இருக்கிறதும் ஊமையாப் போனா என்ன செய்ற?" என்றார். இந்த ஒன்று மட்டும் அவருடைய உண்மையான பயத்துக்குக் கிட்ட வந்தது. உண்மையான பயம் இதுதான்: ஒற்றைப் பெட்டியில் மகன் எங்கேயோ இருக்கிறான். ஏழு பெட்டி வந்தால் அந்த எங்கேயோ போய்விடும். சந்தேகத்திலேயே பிறந்து வளர்ந்த மனிசனுக்கு, வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்தேகம் தீர்ந்துவிடுமோ என்று பயம் வந்தது.

"பூனை கண்ண மூடினா உலகம் இருண்டிருமா?" என்றாள் அன்னப்பூரணி. அவர் பதிலுக்கு உரலை எடுத்து இடித்தார். கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில், இருமல் வந்து அவர் இடிக்கத் தொடங்கியதும், அவள் வந்து அவர் கையிலிருந்து உலக்கையைப் பிடுங்கினாள்.

"இடிச்சது காணும். போன வருசக் குளிர்த்தியில இருந்து அவனுக்குப் பின்னால ஒரு கோழி கூவல்ல, ஒரு மழை பெய்யல்ல. எனக்கும் காது இரிக்கு."

அழகரத்தினம் வெறும் உரலைப் பிடித்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சிக்கிட்டா இவ்வளவு நாளும் இருந்தாய்? மறுகா ஏன் அந்தச் சனியனப் பூட்டு எண்டு செல்றாய்?"

"எங்க எண்டு தெரிஞ்சாத்தானே போய்க் கூட்டி வரலாம். உசிரோட எண்டாலும் சரி, மத்தது எண்டாலும் சரி. புள்ளைய அப்படியே அங்க விட ஏலுமா?"

அவர் அழுதார். சந்தியில் பூட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்த நாளில்கூட அழாத மனிசன், உரலை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மருமகனுக்குப் போன் எடுத்து, வரச் சொன்னார். "வயர் நல்ல வயரா எண்டு பாத்துக் கொண்டுவாங்க" என்று சொல்லவும் மறக்கவில்லை.

றிக்கி ஏழு பெட்டியையும் வீட்டு ஹோலின் சுவர்களில் சுற்றிவர மாட்டி, பழைய பெட்டியை அதே ஆணியில் விட்டு, அதன் அறுந்த வயரைப் புது மெசினில் செருகினான். சத்தத்தைச் சமன் பார்ப்பதற்காக ஹோலின் சரி நடுவில் உதயரூபன் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டான். பிறகு எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அன்னப்பூரணி படுவான்கரைப் பக்கம் பார்த்து நின்றாள், சேலையை ஏற்கெனவே இழுத்துச் செருகியிருந்தாள். அழகரத்தினம் கடல் பக்கத்துப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெசினில் சின்ன நீல வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இருமல் வந்தது, இரண்டு குட்டை, ஒரு நீட்டு, கனைப்பு.

ஆளுக்கொரு பக்கம் தலையைத் திருப்பினார்கள். றிக்கி ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கையை வைத்துப் பார்த்தான். இன்னொரு தரம் இருமட்டும் என்று காத்திருந்து, மறுபடி ஒரு சுற்று வந்தான்.

"எந்தப் பக்கம் கூட?" என்று கேட்டார் அழகரத்தினம்.

"ஒரு பக்கமும் கூட இல்லண்ணே. ஏழிலயும் ஒரே அளவுதான்." அவன் கதிரையைப் பார்த்தான். "சுத்திவர ஒரே அளவா கேட்டா, ஆள் நடுவில எண்டுதான் கணக்கு."

கதிரையில் யாரும் இல்லை. அழகரத்தினம் றிக்கியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், வயர்களைப் பார்த்தார். கிட்டப் போய்க் கதிரையின்மேல் கையைக் கொண்டுபோனவர், தொடாமல் பின்னுக்கு எடுத்தார். "இரி மகன், எழும்பாத" என்றார். அன்னப்பூரணி இழுத்துச் செருகிய சேலையை அவிழ்த்துவிட்டு, கொத்தமல்லி அவிக்க அடுப்படிக்குப் போனாள். ஆர்த்திகா அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுது, பிறகு கதிரைக்குப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள். றிக்கி கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போகும்போது கதிரைக்கும் ஒரு தரம் "வாறன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தையில் கல்யாணம் நடந்தது. வீடு ஆர்த்திகாவின் பெயருக்கு எழுதப்பட்டது. பெரியவர்கள் பின்வளவு அறைக்குப் போகவில்லை, உதயரூபன் போக விடவில்லை. ஹோலுக்கு நடுவில் உள்ள கதிரையில் வந்தவர்கள் இருப்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். வெடிச் சத்தம் வந்தால் இருமல் கூடுகிறது என்பதால் அந்த வீட்டில் சண்டைப்படம் போடுவதை விட்டுவிட்டார்கள். உதயரூபன் ஏழு பெட்டியிலும் பக்திப்பாட்டும் காதல் படமும் கேட்கப் பழகிக்கொண்டான். கதிரைக்குப் பக்கத்தில் வைக்கிற கொத்தமல்லித் தண்ணீர் விடியும்போது பாதியாகிவிடும். அழகரத்தினம் முதலில் பூனையைச் சந்தேகப்பட்டு மூடி போட்டார். பிறகு மருமகனைச் சந்தேகப்பட்டு நூல் கட்டினார். மூடியும் நூலும் அப்படியே இருக்கத் தண்ணீர் குறைந்தது. அதன்பின் அவர் சீனி கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்.

மாசியில் இருமல் நன்றாகக் குறைந்தது. ஒருநாள் காலை அவர் வழக்கம்போல வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தபோது ஒரு இருமல் வந்தது. அதற்குப் பின்னால், பெட்டிக்குள், ஒரு கோழி கூவியது. அவர் எட்டி வெளியே பார்த்தார். முருங்கைக்குக் கீழே அவர்களுடைய சேவல்தான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. காதைக் கூர்மையாக்கினார். பெட்டிக்குள் அடுப்படியில் சட்டி வைக்கிற சத்தம் இருந்தது, ஆர்த்திகா யாருக்கோ பதில் சொல்வது இருந்தது, டொக்கு டொக்கென்று யாரோ இடிப்பதும் இருந்தது. அவர் கையை நிறுத்தினார். பெட்டிக்குள்ளும் இடி நின்றது.

அழகரத்தினம் கதிரையைப் பார்த்தார். பிறகு இன்னொரு பாக்கை உரலில் போட்டு, மகனுக்குக் கேட்கும்படி கொஞ்சம் பலமாக இடிக்கத் தொடங்கினார்.