மச்சில் விழுந்த தூறல்

காமயகவுண்டன்பட்டியில் ஒச்சாண்டி வீட்டு மச்சு தேக்குப் பலகை பாவியது. மேலே பூனை நடந்தால் கீழே கட்டிலில் படுத்திருப்பவர் மூக்கில் தூசி விழும். படுத்திருப்பவர் ஒச்சாண்டியேதான். முப்பது வருசம் மாட்டுத் தரகு பார்த்தவர். மாட்டை எல்லாம் கைமாற்றிவிட்டு, சந்தைப் புழுதியை மட்டும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டவர். தேனி டாக்டர் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இனி தூசியே ஆகாது என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொன்னார்.

மச்சில் மேற்கு மலைக்காற்று வரும். அங்கே படுத்தால் இளைப்பு அடங்கும். ஆனால் பலகை இடுக்குகளில் ஐம்பது வருசத் தூசி வாடகை தராமல் குடியிருந்தது. தளத்தைத் தேய்த்து, இடுக்கை அடைத்து, எண்ணெயும் மெழுகும் ஏற்றினால்தான் அதைக் காலி பண்ண முடியும்.

இரண்டாயிரத்து நான்காம் வருசம், ஆனி கடைசியில் அந்த வேலைக்கு வந்தவன் அல்லிநகரம் தங்கப்பாண்டியன். கோட்டயம் பக்கம் பத்து வருசம் மரத்தளம் தேய்த்தவன். தேய்ப்பு மெஷினையும் அங்கிருந்தே கொண்டுவந்திருந்தான். தூசியை ஒழிக்க வந்தவன் முதலில் தூசியைக் கிளப்பியாக வேண்டும் என்பதுதான் அவன் தொழிலின் கோளாறு.

"வேலை முடியிற வரைக்கும் ஐயா வேற எங்கயாச்சும் இருக்கட்டுமே, ஆத்தா" என்றான்.

ஒச்சாண்டியின் மனைவி ராக்கம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "எங்கன போவாக? மக வீடு மெயின் ரோட்டு மேல, லாரிப் புழுதி. தோட்டத்துல திராட்சைக்கு மருந்தடிக்கிறாக. தொழுவத்துல வைக்கோல். இந்த ஊருல தூசி இல்லாத எடம் ஒண்ணு காட்டு தம்பி, நானும் கூடப் போறேன்."

ஒச்சாண்டி சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. தோள் துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போட்டு நீட்டினார். சந்தையில் விலை பேசும் வழக்கம் அது. இரண்டு பேர் கையும் துண்டுக்குள் போகும். விரல் விலை பேசும், வாய் ஊர்க்கதை பேசும்.

"எத்தன தடவ தேய்ப்ப?"

தங்கப்பாண்டியன் துண்டுக்குள் கைவிட்டு மூன்று விரலைப் பிடித்தான். முரட்டு உப்புத்தாள் ஒரு தடவை, நடுத்தரம் ஒரு தடவை, நைஸ் ஒரு தடவை. ஒச்சாண்டி ஒரு விரலை மடக்கினார்.

"ரெண்டோட விட்டா சொரசொரப்பு நிக்கும்யா. அதுல திரும்பத் தூசி ஒட்டும்."

"ஏலே, மாட்டுப் பல்லப் பிடிச்சுப் பாக்குறதுக்கு முந்தியே வெலையச் சொல்ற ஆளா நீ?" மடக்கிய விரலை அவரே நிமிர்த்தினார். "சரி, மூணு. நாலாவது கெடையாது. என் மூச்சு அம்புட்டுத்தான் தாங்கும்."

தங்கப்பாண்டியன் தூசிக்கு வேலி கட்டினான். கீழறை உத்தரத்துக்கு அடியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டினான். மச்சுப்படி வாயில் ஈர வேட்டியைத் தொங்கவிட்டான். மேற்கு ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்து, கிழக்கு ஜன்னலில் வெளியே பார்த்து ஒரு ஃபேனை நிறுத்தினான். மலைக்காற்று உள்ளே வந்து தூளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட வேண்டும். மெஷினில் ஒரு துணிப்பை. அது பாதி நிறையும் முன்பே வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுவான். கீழே ஒச்சாண்டி கையில் ஒரு கம்பு. தூணில் ஒரு தட்டு தட்டினால் மூச்சு சௌகரியம். இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

மெஷின் ஓடியது. பைக்குத் தப்பிய மரமாவு ஜன்னல் வெயிலில் எழுந்து மஞ்சளாக மிதந்தது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அதற்குள் நடக்கையில், யாருடைய தூக்கத்துக்குள்ளோ காலணி இல்லாமல் நடப்பது போல இருந்தது தங்கப்பாண்டியனுக்கு. பலகைகள் ஒவ்வொன்றாகக் கருப்பு களைந்து தேன் நிறம் காட்டின. சுழிகளும் ரேகைகளும் ஆற்றுத் தண்ணீர் போல ஓடின. அவ்வப்போது கீழிருந்து ஒரு தட்டு. அந்தச் சத்தம் ஏதோ தூரத்துக் கரையிலிருந்து வந்தது.

மூன்றாம் நாள், மூன்றாம் தேய்ப்பில், இரண்டு தட்டு வந்தது. மெஷினை நிறுத்தினான். மாவு மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அரைமணி நேரம் கழித்து ஒரு தட்டு கேட்டது. பிறகுதான் அவனும் முழுமூச்சு விட்டு, மிச்சத்தைத் தேய்த்து முடித்தான்.

"மிதக்குறது எல்லாம் படியட்டும் ஆத்தா. காலையில வந்து துடைச்சு எண்ணெய் வைக்கிறேன். ஒரு பொட்டுத் தூசி பறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஊரில் எந்தப் பெண்ணும் தண்ணீர் தெளிக்காமல் வாசலில் விளக்குமாறு வைப்பதில்லை. ராக்கம்மாளுக்கு ஏழு வயதிலிருந்து கை பழகிய காரியம். விடிந்ததும் மச்சுக்கு ஏறினாள். தளம் முழுக்கப் பொன்மாவு. வெறும் விளக்குமாறு பட்டால் அது கிளம்பும். கிளம்பினால் கீழே அவர் நெஞ்சில் இறங்கும். செம்பிலிருந்து தண்ணீரை அள்ளி, விரலால் சிதறித் தெளித்தாள். ஊறவிட்டுப் பக்குவமாகக் கூட்டினாள். ஒரு பொட்டுப் பறக்கவில்லை.

எட்டு மணிக்கு எண்ணெய் டின்னோடு ஏறிய தங்கப்பாண்டியன் படி வாயிலிலேயே நின்றுவிட்டான். தண்ணீர் பட்ட பலகை நார் எழும்பி, மயிர்க்கூச்செறிந்தது போலச் சிலிர்த்து நின்றது. பழைய ஆணிகளிலிருந்து வந்த இரும்புப் பொடியும் ஈரமும் சேர்ந்து, தேக்கு முழுக்கக் கருநீலத் துளிகள்.

"என்னாத்தா செஞ்சீக?"

"தூசி பறக்கக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன?"

அவன் குனிந்து ஒரு துளியை விரலால் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை. நாலாவது தேய்ப்பு ஒன்றுதான் வழி. வெள்ளிக்கிழமை போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் இந்தத் தளத்தைப் பார்க்க வருகிறார். பிடித்தால் அவர் பங்களா வேலை இவனுக்கு. புள்ளி விழுந்த தளத்தைக் காட்டினால் தேனி தாண்டிப் பேர் போகும், தலைகீழாக.

கீழே இறங்கினான். ஒச்சாண்டி சுவரில் சாய்ந்திருந்தார். ராக்கம்மாள் எல்லாம் சொல்லியிருந்தாள். அவர் துண்டைக் கைமேல் போட்டு நீட்டினார்.

தங்கப்பாண்டியன் ஒரு விரலைப் பிடித்தான்.

அவர் மடக்கவில்லை. "சரி... பாண்டி. உன் பேரு கெட வேணாம். ஒண்ணு... தாரேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நெஞ்சு விசிலடித்தது. துண்டுக்குள் அந்த விரல், மூச்சு இழுக்கும்போதெல்லாம் தூண்டிலில் சிக்கிய மீன் போல வெட்டியது. நாலாவது தேய்ப்பு முடியும்வரை கம்பைப் பிடிக்க அந்தக் கையில் பலம் இருக்குமா என்று தெரியவில்லை.

தங்கப்பாண்டியன் அந்த விரலை மெதுவாக மடக்கிவிட்டான். கேட்டவனே தன் விலையை இறக்கிய பேரத்தை ஒச்சாண்டி எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

"வேணாம்யா. மூணு, மூணுதான்."

மதியத்துக்குள் பலகை காய்ந்தது. தங்கப்பாண்டியன் மெஷினைத் தொடவில்லை. கண்ணாடிச் சில்லை வைத்து, முட்டி போட்டுச் சிலிர்ப்பை மட்டும் வழித்தான். சுருள் விழுந்ததே தவிர மாவு எழவில்லை. சொரசொரப்புப் போனது, துளிகள் போகவில்லை. இடுக்குகளை அடைத்து, ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் ஏற்றியபோது அவை இன்னும் ஆழமாயின, இப்போதுதான் விழுந்தவை போல.

வெள்ளிக்கிழமை வந்த போடிக்காரர் தளத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி ஓட்டுக்கூரையைப் பார்த்தார். "கூரை ஒழுகுதுங்களா?" என்று கேட்டார். ஈரத்தில் கால் வைக்காமல் சுற்றி நடந்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார். பிறகு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

ஆடி பிறந்து மலைக்காற்று ஏறிய ஒரு பகலில் ஒச்சாண்டியை மச்சுக்கு ஏற்றினார்கள். தூறலின் நடுவே பாய் விரித்துப் படுத்தார். ஒரு துளிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கை நனையவில்லை. நெஞ்சின் விசில் மெல்ல மெல்லத் தேய்ந்து, காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

கீழே காலிக் கட்டிலில் உட்கார்ந்து ராக்கம்மாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாயை அவிழ்த்தாயிற்று. எடுத்துப்போக மெஷினைக் கட்டிக்கொண்டிருந்த தங்கப்பாண்டியனும் கையை நிறுத்தினான்.

மேலேயிருந்து பலகையில் ஒரு தட்டு கேட்டது. ஒன்றே ஒன்று. ராக்கம்மாளின் முகத்தில் ஒரு பொட்டுத் தூசி விழவில்லை.