சேவைச் சங்கத்துக் கட்டடம் சிறுத்த விவரம்

வங்கியிலிருந்த சேமிப்பில் கை வைக்கும்போதெல்லாம் வீரவநல்லூர் சேவைச் சங்கத்தின் கட்டடம் சிறுத்துக்கொண்டே வந்தது. உள்ளேயிருந்த மேசை, நாற்காலி, தொலைபேசி எல்லாம் கூடவே சிறுத்தன. முதலில் உணர்ந்தவர் பொருளாளர் சித்ரலேகா. நாற்காலி இடுப்பைப் பிடிக்கவே, தான்தான் பெருத்துவிட்டோம் என்று நினைத்து ஒரு மாதம் இட்லியைக் குறைத்துக்கொண்டார் பாவம். பிறகு பொறியாளர் ஒருவர் வந்து அளந்து, விரிசல் இல்லை, பயப்பட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுவரி மட்டும் பழைய அளவுக்கே வந்தது.

பணம் கரைந்ததில் ரகசியம் ஒன்றுமில்லை. வருஷாவருஷம் பதவியேற்பு விழாவுக்குச் சால்வை, கேடயம், பிரியாணி. அறுபது உறுப்பினர்கள் மூன்று பேராக ஆன பிறகும் தலைவர் வன்னியராஜ் முப்பது சால்வை வாங்கினார். அவரைத் திட்டவும் மனம் வராது. அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவர் அவர். வாசல் கொட்டகையில் நின்றதால் சிறுக்காமல் தப்பியது பிணம் வைக்கும் குளிர்பெட்டி ஒன்றுதான். இல்லாதவர் வீட்டுத் துக்கத்துக்கு அது வாடகையில்லாமல் போய்வந்தது.

போன பங்குனியில் அதன் கம்ப்ரசர் நின்றுபோனது. அன்று காலையிலேயே மணிமுத்தாறு பொன்செல்வி வந்து நின்றாள். அம்மா இறந்துவிட்டாள்; தம்பி துபாயிலிருந்து வர இரண்டு நாளாகும்.

"எங்கம்ம மொகத்த அவன் ஒருதடவ பாத்துட்டாப் போதும் அண்ணாச்சி" என்றாள்.

சேமிப்பில் மீதி பதினோராயிரம். புதுக் கம்ப்ரசரும் அதே விலை. மூன்றாவது உறுப்பினரான மெக்கானிக் மதார் கூலி வேண்டாமென்றார். கட்டடம் அப்போது முழங்கால் உயரம். வன்னியராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையும் எடுத்துட்டா என்னவே மிஞ்சும்?"

"பெட்டி மிஞ்சும் அண்ணாச்சி" என்றார் மதார்.

வன்னியராஜ் காசோலையில் கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியதை மறைக்கவில்லை. மத்தியானம் பெட்டி குளிர்ந்து மணிமுத்தாறு போனது. மூன்றாம் நாள் தம்பி வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

மறுமாதக் கூட்டம் டீக்கடையில் நடந்தது. சித்ரலேகா கைப்பையிலிருந்து கட்டடத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தீப்பெட்டி அளவு இருந்தது. வன்னியராஜ் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார். வரவு செலவு வாசிக்க ஒன்றுமில்லாததால் தேநீர் வந்தது. அப்போது கட்டடத்துக்குள் தொலைபேசி அடித்தது. கொசு ரீங்காரத்தைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம். சித்ரலேகா ஜன்னல் வழியே குண்டூசி விட்டு ரிசீவரைத் தூக்கி, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சுத்தமல்லில ஒரு துட்டிவீடாம். பெட்டி கேக்காங்க."

வன்னியராஜ் செருப்பை மாட்டிக்கொண்டார். மதார் வண்டியை எடுக்கப் போனார்.