பினாங்கு கடையில் ஒரு பங்கு

குன்னத்துகாலில் தன் பேரிலிருந்த மிளகுத் தோட்டத்தை விற்கச் செல்லபாய் சம்மதித்தது ஆசையால் அல்ல, பயத்தால். 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு பஸ்கள் ஓடினால் ஓடின, இல்லாவிட்டால் இல்லை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த கூட்டங்களுக்குப் போனவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் சத்தியராஜும் பாறசாலையில் ஒரு கூட்டத்தில் நின்று கோஷம் போட்டவன். அமரவிளையில் மிளகும் ஏலமும் வாங்கி விற்க அவன் நடத்திய மலஞ்சரக்குக் கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது. ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டாலே இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ராபின்சன் வந்தார். பினாங்கில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருப்பதாகச் சொல்லி, நெய்யாற்றின்கரையில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து புத்தகம் பார்க்காமல் பாட்டுப் பாடினார். ஆராதனை முடிந்ததும் சத்தியராஜின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு இந்த மண்ணு எந்த ராஜ்யத்துக்குப் போவும்னு ஆருக்குத் தெரியும்? அப்போ ஒம்ம பட்டா செல்லுமா செல்லாதான்னு எவன் சொல்லுவான்? வெலை கிடைக்கும்போ வித்துட்டு எனக்க கடையில பங்குக்கு வாரும். ஆறு மாசத்துல நீரும் பினாங்குல கல்லாவுல இருக்கலாம்."

சத்தியராஜுக்கு அந்த வார்த்தை ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. தோட்டத்துக்கு ஆள் பார்த்தான். முன்பணமும் வாங்கினான். அது மரப்பெட்டிக்குள், சேலைகளுக்கு அடியில் இருந்தது.

"பாங்கு வழியா அனுப்பாண்டாம்," என்றார் ராபின்சன். "நூறு கேள்வி கேப்பான். கையில தாரும். வெள்ளிக்கிழமை நான் கப்பலுக்குப் போறேன். பின்னே, ஆருகிட்டயும் மூச்சு விடப்பிடாது. பங்கு ஒண்ணுதான் உண்டு."

அன்று ராத்திரி செல்லபாய் கணவனிடம் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க. அந்தக் கடையைக் கண்ணால கண்ட ஒரு ஆளு உண்டா?"

"சபைக்காரர் பொய் சொல்லுவாரா?"

"சபைக்காரர்னா கடை இருக்கணும்னு உண்டா?"

"எட்டீ, நாளைக்குப் போலீசு என்னைப் பிடிச்சிட்டுப் போனா இந்தத் தோட்டத்தை வச்சு நீ என்ன செய்வே?"

அவளுக்குச் சபை உபதேசியாரின் மகன் சுவாமிதாஸ் பினாங்கு துறைமுகத்தில் வேலை பார்ப்பது நினைவுக்கு வந்தது. அவன் அம்மாவிடம் விலாசம் கேட்டு வாங்கினாள். பஸ் இல்லாததால் நெய்யாற்றின்கரைக்கு நடந்தே போய்த் தந்தி அடித்தாள். ராபின்சன் சொன்ன பெயரில் கடை உண்டா, அதன் முதலாளி யார் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னாள். தபாலாபீஸ் வாசலில் ஒரு கான்ஸ்டபிள் நின்றிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் ஆற்றுப் பாலம் தாண்டும்வரை அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ராபின்சன் வீட்டுக்கே வந்துவிட்டார். சத்தியராஜ் பெட்டிச் சாவியை எடுத்தான். செல்லபாய் பால் விடாத கட்டஞ்சாயாவை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பினாங்குக்கு ஒரு தந்தி அடிச்சிருக்கேன் அண்ணாச்சி. பதில் வரட்டும். வந்த ஒடனே பாங்கு வழியா அனுப்பித் தாறோம்."

சத்தியராஜ் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். அவனுக்கும் அது புதுச்செய்தி. ராபின்சன் சாயாவைத் தொடவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"சத்தியராஜே, நீரு கூட்டத்துல நின்னதை நான் கண்டதாக்கும். பெட்டியில இருக்கிற பைசா போராட்டக்காரனுக்கு உள்ளதுன்னு ஒரு வாக்கு சொன்னாப் போரும். நாளைக் காலத்த பைசா என் கையில வரணும். இல்லைன்னா போலீசு வரும்."

சத்தியராஜ் பெட்டிப் பக்கம் ஓர் அடி வைத்தும்விட்டான். செல்லபாய் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பங்குக்கு விளிச்ச ஆளு பேசுகிற பேச்சா இது? எறங்கிப் போங்க."

அவர் போனதும் செல்லபாய் கதவைத் தாழிட்டாள். பிறகு அவள், "சதாசிவன் அண்ணன்கிட்ட போவோம்," என்றாள்.

பக்கத்து வீட்டுச் சதாசிவன் போராட்டத்தை எதிர்த்த கட்சிக்காரர். ஒரு மாதமாக இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"அவரா? அவரே நம்மளைக் காட்டிக் குடுப்பாரு!"

"மறைச்சு வச்சாத்தான் அவனுக்க கையில நம்ம கழுத்து. அவன் சொல்லுகதுக்கு முன்னே நாமளே ஸ்டேஷன்ல போய்ச் சொல்லணும். அண்ணன் கூட வந்தா போலீசு நம்பும்."

சதாசிவன் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "பேடிக்கண்டா. ஞானும் வராம்," என்று மலையாளத்தில் தைரியம் சொன்னார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டது, "கூட்டத்துக்குப் போயோ?" என்பதுதான். பொய் சொல்லச் சத்தியராஜின் நாக்கு எழவில்லை. "போனேன்," என்றான். உடனே சதாசிவன் குறுக்கிட்டு, தோட்டத்துக்கு முன்பணம் வாங்கிய கதையையும் மிரட்டலையும் மலையாளத்தில் விளக்கினார். அந்தப் பணத்துக்குத் தாமே சாட்சி என்றார். அதைக் கேட்ட இன்ஸ்பெக்டர் கூட்டத்துப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு லாட்ஜுக்கு ஆள் அனுப்பினார். அறை காலியாகக் கிடந்தது.

சனிக்கிழமை கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து அவளுடைய அண்ணன் ராஜையா வந்தார். ராபின்சனைத் தேடி லாட்ஜுக்குப் போய்விட்டு வந்திருந்தார். தான் குடியிருந்த வீட்டுமனையை விற்ற பணம் முழுவதையும் முந்தின வாரமே ராபின்சன் கையில் கொடுத்திருந்தார்.

"எனக்க கிட்ட ஒரு வாக்கு சொல்லப்பிடாதா அண்ணே?"

"பங்கு ஒண்ணுதான், கூடப்பிறந்தவளுக்குக்கூடத் தெரியாண்டாம்னு சொன்னான். நீயும் எனக்கிட்ட சொல்லல்லியே மக்கா."

அவள் தலை குனிந்தாள். அதே வார்த்தையைத்தான் ராபின்சன் அவள் வீட்டிலும் சொல்லியிருந்தார்.

அந்தப் பெயரில் பினாங்கில் கடையே இல்லை என்று சுவாமிதாஸின் பதில் பிந்தி வந்தது. அதற்குள் சத்தியராஜ் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு எல்லை வகுத்தபோது குன்னத்துகால் புதிதாக உருவான கேரளத்தில் நின்றது. பட்டா செல்லுமா என்று ஒருவரும் கேட்டு வரவில்லை. ராபின்சன் அகப்படவே இல்லை. ராஜையா செல்லபாயின் தோட்டத்து ஓரத்தில் ஓலைப்புரை கட்டிப் பிள்ளைகளோடு குடியேறினார். அவர் கேட்காமலே, அடுத்த மிளகு விளைச்சலில் பாதியைச் செல்லபாய் அவர் வாசலில் இறக்கி வைத்தாள்.